புது ரைஃபிள், ஊசி அடிக்குது, தோட்டா வெடிக்கல: எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்தணும்

ட்ரிகர் இழுத்தா "டப்"புக்கு பதிலா "டிக்"னு ஒரு சத்தம் வரும் பாருங்க, துப்பாக்கி சுடுறவனுக்கு அத விட எரிச்சல் வேற இல்ல. அதுவும் காசு சேத்து, லைசென்ஸுக்கு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல செருப்பு தேஞ்சு, ஒரு வழியா கைக்கு வந்த புது ரைஃபிள்ல வந்தா சொல்லவே வேணாம். எனக்கு போன வருஷம் இதே கதை. நான் நீடாமங்கலம் பக்கம், மோட்டார் பம்புசெட் ரிப்பேர் தொழில், ஞாயித்துக்கிழமை ஆனா திருச்சி பக்கம் துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்கு போயிட்டு வருவேன். பாரிஸ்ல 2024ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள்ல வெண்கலம் அடிச்சதுக்கப்பறம், பக்கத்து புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் அதே ஒலிம்பிக்ஸ்ல டிராப், அதான் பறக்குற தட்ட சுடுற போட்டி, ஆடுனதுக்கப்பறம், நம்ம ஊரு பசங்களும் நெறைய பேரு வர ஆரம்பிச்சுட்டாங்க, அதுல புதுசா ரைஃபிள் வாங்குன நாலஞ்சு பேரு இதே "டிக்" பிரச்சனைய எங்கிட்ட கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு.

கேட்ட எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்விதான்: "அண்ணே ஸ்பிரிங் வீக்கா இருக்கும் போல, மாத்திரலாமா?" மாத்தாதீங்க தம்பி. ட்ரிகர் இழுத்ததும் தோட்டாவ அடிக்கிற ஊசிய முன்ன தள்ளுறதுதான் அந்த ஸ்பிரிங், அத பாக்குறது கடைசி. புது ரைஃபிள்ல ஸ்பிரிங் பாவம், அது தர்ற பலத்த நடுவுல எவனோ திங்கிறான், அந்த ஆள கண்டுபிடிக்கிறதுதான் வேலை. நான் சொல்றது முக்காவாசி .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு, அதாவது குழலோட பின்பக்கத்த மூடுற போல்ட்டுங்கற இரும்பு உருளைய கைப்பிடி புடிச்சு கையால திறந்து மூடுற சின்ன தோட்டா ரைஃபிள், ஏன்னா கிளப்புல பெரும்பாலும் அதுதான். தோட்டா அடியோட நடுவுல ஊசி அடிக்கிற பெரிய சென்டர்ஃபயர் வச்சிருக்கவங்களுக்கும் கடைசில கொஞ்சம் இருக்கு.

"டிக்" கேட்ட உடனே

ஒண்ணும் பண்ணாதீங்க. நிஜமாவே ஒண்ணும் பண்ணாதீங்க. குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், போல்ட்ட திறக்காம மனசுக்குள்ள எண்ணுங்க, குறைஞ்சது 30 செகண்ட், நான் 60 எண்ணுவேன். சில தோட்டா உள்ள பொறி பட்டு மருந்து லேட்டா புடிக்கும், ஹேங்ஃபயர்னு சொல்வாங்க, அது நடக்குறது அபூர்வம்தான், ஆனா போல்ட்ட திறந்த நேரத்துல நடந்தா பித்தளை ஓடு மூஞ்சிக்கு நேரா கிழியும். எண்ணி முடிச்சு, மூஞ்சிய தள்ளி வச்சுக்கிட்டு திறந்து, தோட்டாவ எடுத்து தனி டப்பாவுல போடுங்க.

இன்னொன்னு. "டிக்" வேற, "புஸ்"ஸுனு பலமில்லாம ஒரு சத்தம் வர்றது வேற. "புஸ்" வந்தா அடுத்த ரவுண்டு போடவே கூடாது, குண்டு குழல் நடுவுலயே மாட்டியிருக்கலாம், போல்ட்ட கழட்டிட்டு குழல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டுதான் மத்த பேச்சு.

வெடிக்காத தோட்டாவ வயல்ல வீசுறது, அடுப்புல போடுறது, கட்டிங் பிளேயர் வச்சு பிரிச்சு பாக்குறது எல்லாம் வேணாம். எண்ணி ரேஞ்ச் ஆபீஸர்கிட்ட கொடுங்க, நமக்கும் கணக்கு நேரா இருக்கும். ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி அதுல நமக்கு படிக்க வேண்டியது இருக்கு.

உள்ள என்னதான் நடக்குது

சுருக்கமா. .22 தோட்டாவுக்கு நடுவுல தனியா பிரைமர் கிடையாது. நம்ம ஊரு பழைய ஆளுங்க கேப்னு சொல்வாங்களே, அந்த வெடி மருந்து இதுல அடிப்பக்க விளிம்புக்குள்ள சுத்தி வர தடவியிருக்கும், 1887ல இந்த லாங் ரைஃபிள் தோட்டா வந்த நாள்லேர்ந்து இதே அமைப்புதான். ஊசி வந்து அந்த விளிம்ப சேம்பர், அதாவது குழல்ல தோட்டா உக்கார்ற பொந்து, அதோட ஓரத்துல வச்சு நசுக்கணும், அம்மிக்கும் குழவிக்கும் நடுவுல மிளகு சிக்குன மாதிரி, நசுங்குனாத்தான் பொறி. அப்ப மூணு விஷயம் வேணும்: குழவி வேகமா வரணும், சரியான இடத்துல விழணும், அம்மி ஆடாம இருக்கணும். ஊசி மெதுவா வந்தாலும் வெடிக்காது, தோட்டா முன்னால தாங்கல் இல்லாம நகந்தாலும் வெடிக்காது. கீழ நான் சொல்ற எல்லாமே இந்த மூணுல ஒண்ணுதான்.

நோட்டும் லென்ஸும்

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தேதி, எந்த தோட்டா, டப்பா மேல அடிச்சிருக்க லாட் நம்பர், மழையா வெயிலா, 50க்கு எத்தனை "டிக்", இவ்வளவுதான் எழுதணும். இத சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க, ஆனா எனக்கு கடைசில விடைய கொடுத்தது அந்த "மழையா வெயிலா" காலம்தான், அது பின்னாடி வரேன்.

அடுத்தது லென்ஸ். கும்பகோணத்துல எங்க மாமா பத்தர் வேலை பாக்குறாரு, கண்ணுல இடுக்கி கல்லு பாப்பாங்களே அந்த லென்ஸ், அது ஒண்ண அவர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். போன் கேமரால ஜூம் பண்ணாலும் ஓகேதான், ஆனா லென்ஸ்ல பாக்குற மாதிரி ஆழம் தெரியாது. வெடிக்காத தோட்டாவையும், அதே நாள் நல்லா வெடிச்ச காலி ஓடு ரெண்டு மூணையும், முடிஞ்சா பக்கத்து லேன் ஆளோட காலி ஓடையும் வரிசையா வச்சு விளிம்புல விழுந்த வடுவ பாருங்க. நகத்தால தடவியும் பாருங்க, நல்ல அடின்னா நகம் தட்டி நிக்கும்.

வடு ஆழமா, சுத்தமா, மத்தவன் ரைஃபிள்ல விழுந்த மாதிரியே இருக்கு, ஆனாலும் வெடிக்கலன்னா ரைஃபிள் மேல பழி இல்ல, அந்த இடத்துல மருந்து தடவாம விட்டிருப்பான். .22ல இது சகஜம், மலிவு தோட்டாவுல இன்னும் சகஜம். வடு லேசா, ஏதோ ஊசி தொட்டுட்டு திரும்பி போன மாதிரி இருந்தா அதுதான் நம்ம தேடுற கேஸு, லைட் ஸ்ட்ரைக். வடு ஆழம்தான், ஆனா விளிம்புல விழாம உள்பக்கமா தள்ளி விழுந்திருக்குன்னா ஊசி எடம் மாறி அடிக்குது, அது ஆர்மரர், அதான் துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவரோட வேலை, நம்ம துடைச்சு சரியாகாது. ஒரே அடியில ரெண்டு வடு தெரிஞ்சாலோ, வடு இழுத்து விட்ட மாதிரி கோணலா இருந்தாலோ போல்ட் அடிக்கிற நேரத்துல அசையுதுன்னு அர்த்தம், இத மறக்காம நோட்டுல எழுதிக்குங்க.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, நல்லா வெடிச்ச ஓட்டுல வடு எப்டி இருக்குன்னு. அதுவும் லேசாத்தான் இருக்குன்னா, ரைஃபிள் எப்பவுமே பாதி பலத்துலதான் அடிக்குது, சாஃப்டான தோட்டா பாவம் பாத்து வெடிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம். வெடிச்சது எல்லாம் ஆழம், வெடிக்காதது மட்டும் லேசுன்னா ஏதோ ஒண்ணு விட்டு விட்டு குறுக்க வருது. ரெண்டும் வேற வேற நோய்.

மாத்தி போட்டு பாக்குறது

ரேஞ்ச் ஆபீஸர்கிட்ட சொல்லிட்டு, உங்களுக்கு வெடிக்காத அஞ்சாறு தோட்டாவ, ஓடு நசுங்காம குண்டு ஆடாம நல்லா இருக்கறத மட்டும், நல்லா ஓடுற இன்னொரு ரைஃபிள்ல அதோட சொந்தக்காரரையே போட்டு சுட சொல்லுங்க, வடு இல்லாத பக்கம் ஊசிக்கு வர்ற மாதிரி திருப்பி போடணும். எல்லாம் வெடிச்சா உங்க ரைஃபிள்தான் சோம்பேறி. அதுலயும் வெடிக்கலன்னா டப்பாவ மாத்துங்க. அப்பறம் அவரு தோட்டால ஒரு 20 உங்க ரைஃபிள்ல. ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் முடிவு, ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு "தோட்டா சரியில்ல"ன்னு சொல்றதுதான் விக்கிறவங்க வழக்கம். எனக்கு ரைஃபிள் வித்தவரும் அதையேதான் சொன்னாரு, "வேற பிராண்டு போடுங்க சார்"னு, மூணு பிராண்டு போட்டேன், காசு போனதுதான் மிச்சம்.

அதே ரைஃபிள்லயே திரும்ப போட்டு அடிச்சா ரெண்டாவது அடியில வெடிக்குதா? அப்ப முதல் அடி தோட்டாவ உள்ள தள்ளி உக்கார வைக்கறதுலயே செலவாயிருக்கு. நேரா சேம்பர் பகுதிக்கு போங்க, கீழ இருக்கு.

கிரீஸ், அப்பறம் தேங்கா எண்ணெய்

புது ரைஃபிள்ல பத்துக்கு ஆறு ஏழு இங்கயே முடிஞ்சிரும்னு என் அனுபவம். ஃபேக்டரிலேர்ந்து கப்பல் ஏறி, குடோன்ல கெடந்து வர்ற சாமான், துரு புடிக்காம இருக்க கெட்டியா ஒரு பேக்கிங் கிரீஸ் அடைச்சு அனுப்புவாங்க. வெளிய இருக்கறத நம்ம துடைச்சுருவோம், போல்ட்டுக்குள்ள ஊசி ஓடுற பாதைல, ஸ்பிரிங் சுருளுக்குள்ள இருக்கறது அப்டியே இருக்கும். அந்த கிரீஸுக்குள்ள ஊசி ஓடுறது சேத்துக்குள்ள மாடு ஓடுற மாதிரி. சேத்துல மாடு ஓடும், வேகம் வராது.

செய்ய வேண்டியது: ரைஃபிள் காலின்னு ரெண்டு தடவ பாத்து, அந்த ரூம்ல ஒரு தோட்டா கூட இல்லன்னு உறுதி பண்ணிட்டு, போல்ட்ட வெளிய எடுங்க. கூட வந்த மேனுவல்ல போல்ட்ட எப்டி பிரிக்கிறதுன்னு படம் போட்டிருப்பான், அத மட்டும் பாருங்க. பிரிக்கும்போது போன்ல வீடியோ ஓட விடுங்க, திரும்ப மாட்டும்போது எது முன்ன எது பின்னனு முழிக்க வேணாம். ஸ்பிரிங் தெறிக்கும், ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள கைய விட்டு கழட்டுங்க, கண்ணாடி போட்டுக்குங்க, எனக்கு ஒரு தடவ சின்ன பின்னு ஒண்ணு பறந்து நெல்லு மூட்டை இடுக்குல போயி அத தேடுறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு.

கழுவ மண்ணெண்ணெய் போதும், பழைய பல் துலக்குற பிரஷ், காது குடையிற பஞ்சு குச்சி. ஆனா மண்ணெண்ணெய் காஞ்சாலும் ஒரு பிசுக்கு விடும், அதனால கடைசில மெடிக்கல்ல விக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட் விட்டு ஒரு தடவ அலசி, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க. பெட்ரோல் வேணாம், வீட்டுக்குள்ள பக்குனு புடிச்சுக்கும். ஸ்பிரிட்டும் நெருப்புக்கு ஆகாததுதான், அடுப்படில உக்காராதீங்க. கட்டைல படாம பாத்துக்குங்க, பாலிஷ் வெளுத்துரும்.

காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு துணில விட்டு ஊசி மேல தடவி, அதையும் காஞ்ச துணியால துடைச்சிருங்க. தொட்டா எண்ணெய் மாதிரி தெரியக்கூடாது, அவ்வளவு போதும். ஸ்ப்ரே டப்பாவ உள்ள நீட்டி புஸ்ஸு புஸ்ஸுனு அடிக்கிறவங்க இருக்காங்க, டபிள்யூடி-40ய எல்லாம் எண்ணெய்னு நெனச்சு. அது ஈரத்த விரட்டுறதுக்கு வந்தது, போல்ட்டுக்குள்ள தேங்கி தூசிய சேத்து திரும்ப சேறாக்கும், தோட்டா மேல பட்டா மருந்தையும் கெடுக்கும்.

தேங்கா எண்ணெய் கதைய சொல்லியே ஆகணும். கிளப்புல ஒரு பெரியவர், ஐயான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், மனுஷன் எனக்கெல்லாம் கத்துக்கொடுத்தவரு. அவரு ரைஃபிள் மார்கழி மாசம் காலைல மட்டும் "டிக்" அடிக்கும், பதினோரு மணிக்கு மேல சமத்தா சுடும். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் போல்ட்ட கையில வாங்கி பாத்தா உள்ள வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு, மோந்து பாத்தா வீட்டு தேங்கா எண்ணெய். "என்ன ஐயா இது"ன்னு கேட்டா, "ஏம்ப்பா, எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் போடுறோம், அவரு பன்னெண்டு போர் துப்பாக்கி ஒரு நாளும் பொய் சொன்னதில்ல"ங்கறாரு. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைய ஆரம்பிச்சிரும், நம்ம டெல்டால மார்கழி விடியக்காலம் அதுக்கு கீழ போகும், குளியலறைல பாட்டில் உறைஞ்சு கிடக்குறத பாக்கறோம்ல, அதேதான் போல்ட்டுக்குள்ளயும். ஸ்பிரிட்ல கழுவி கொடுத்தேன், சரியாச்சு. ஆனா மனுஷன் இன்னும் ஒத்துக்கல, "பனிக்கு தோட்டா நமுத்துருக்கும்"னே சொல்லிட்டு திரியுறாரு.

என் ரைஃபிள்லயும் முதல்ல இருந்தது கிரீஸ்தான். முதல் நாள் 50க்கு 4 "டிக்". கழுவுனதுக்கப்பறம் 50க்கு 1, அதுவும் வடு ஆழமா இருந்துச்சு, தோட்டா கோளாறு. ஆடி, ஆவணி, புரட்டாசி நல்லா ஓடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

சேம்பர்

.22 குண்டு மேல மெழுகோ கொழுப்போ மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதுவும் ஈயமும் கரியும் சேந்து சேம்பர் முடியிற எடத்துல மோதிரம் மாதிரி ஒரு வளையமா படியும். போட்டிக்குனு செஞ்ச மேட்ச் ரைஃபிள்ல சேம்பர் ஏற்கனவே இறுக்கம், இந்த வளையமும் சேந்தா தோட்டா முழுசா உக்காராம மயிரிழை வெளிய நிக்கும். விளிம்போட தடிமனே ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அதுல மயிரிழைன்னா பெருசு. தோட்டாவ விரலால தள்ளி பாருங்க, கடைசில கெட்டியா நின்னா படிவு இருக்கு. சேம்பருக்குனு பித்தளை பிரஷ், படிவ கரைக்கிற சால்வென்ட், பத்து நிமிஷம் ஊற விட்டு தேச்சு துடைக்கணும். விளிம்பு உக்கார்ற பள்ளத்துல பித்தளை சுருள், மணல் துகள் ஒட்டியிருந்தா பல் குத்துற குச்சியால எடுங்க, கம்பி விட்டு நோண்டாதீங்க. போல்ட் மூஞ்சியையும், ஓட்ட வெளிய இழுக்குற கொக்கி எக்ஸ்ட்ராக்டர் இடுக்கையும் அதே குச்சிய வச்சு ஒரு சுத்து.

போல்ட் முழுசா கீழ இறங்குதா

இதுதான் என்ன ஒரு மாசம் அலைய விட்டது, அதனால நிதானமா சொல்றேன்.

ஐப்பசி பொறந்துச்சு, மழை புடிச்சுது, நம்ம பக்கம் தெரியும்ல, புடிச்சா விடாது. அந்த மாசம் முதல் தடவ ரேஞ்சுக்கு போனா 50க்கு 9 "டிக்". வீட்டுக்கு வந்து போல்ட்ட பிரிச்சா உள்ள கண்ணாடி மாதிரி சுத்தம். தோட்டா மழைல நமுத்துருச்சோன்னு புது டப்பா உடைச்சேன், அதே கதை. வடு எல்லாம் லேசு, ரெண்டு மூணு கோணலா இழுத்த மாதிரி வேற. சரி நம்ம பசங்க சொல்ற மாதிரி ஸ்பிரிங்தான் போலன்னு எனக்கே சபலம் தட்டிருச்சு.

அன்னிக்கு சாயந்தரம் வீட்ல கூப்பிடுறாங்க, "ஏங்க, கொல்லக் கதவு மறுபடியும் நெலைல உரசுது, சாத்தவே முடியல, வெயில் காலத்துல சொன்னேன்ல ஆசாரிய கூப்பிட்டு இழைங்கன்னு". நான் போயி தோள கொடுத்து கதவ சாத்துறேன், கதவு பாதில நிக்குது, ஒரு இடி இடிச்சா தான் கொண்டி மாட்டுது. மாட்டிட்டு நிக்கும்போதே மண்டைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. கட்டை. என் ரைஃபிள்லயும் இரும்ப தாங்கி தோள்ல வைக்கிற ஸ்டாக் கட்டைதான்.

விஷயம் என்னன்னா, போல்ட் கைப்பிடி முழுசா கீழ இறங்கி உக்காந்தாத்தான் ஊசியோட பின்பக்கத்துல இருக்க மூக்கு அதுக்குன்னு வெட்டுன பள்ளத்துல நேரா விழும். கைப்பிடி கொஞ்சம் மேல நின்னுட்டா அந்த மூக்கு பள்ளத்தோட சரிவுல போயி இடிச்சு, தன் பலத்துல பாதிய கைப்பிடிய கீழ தள்ளவே செலவு பண்ணிட்டு மிச்சத்த தான் தோட்டாவுக்கு கொடுக்கும். நான் கதவ இடிச்சு சாத்துன மாதிரி, ஊசி போல்ட்ட இடிச்சு சாத்துது. வெயில் காலத்துல கைப்பிடிக்கும் கட்டைக்கும் நடுவுல கொஞ்சூண்டு சந்து இருந்திருக்கும், ஐப்பசி ஈரத்துல கட்டை ஊதி அந்த சந்து அடைஞ்சுருச்சு.

எப்டி உறுதி பண்றது? மூணு வழி, மூணையும் பண்ணேன். காலி ரைஃபிள்ல நல்லா சுட்ட காலி ஓடு ஒண்ண போட்டு, வடு இல்லாத பக்கத்த ஊசிக்கு நேரா திருப்பி வச்சு, குழல ஆபத்தில்லாத பக்கம் காட்டி ட்ரிகர் இழுத்துக்கிட்டே கைப்பிடிய மட்டும் பாருங்க. அடிக்கிற நேரத்துல கைப்பிடி வெடுக்குனு கீழ துள்ளுச்சுன்னா மாட்டிக்கிச்சு. என்னது துள்ளுச்சு, லேசாத்தான், என் பையன பாக்க சொன்னேன், அவனும் "ஆமாப்பா ஆடுது"ன்னான்.

ரெண்டாவது, டெய்லி காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சு, போல்ட்ட மூடி வச்சுக்கிட்டு கைப்பிடியோட அடிப்பக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவுல விடுங்க. சும்மா வழுக்கிட்டு போகணும், ரெண்டா மடிச்சாலும் போகணும். எனக்கு ஒத்தத் தாளே நொழையல. எந்த எடத்துல முட்டுதுன்னு தெரிய கைப்பிடி அடில கண்மை தடவி மூடி திறந்தேன், வெட்டுன பள்ளத்தோட பின் மூலைல கருப்பா ஒரு முத்திரை, சுண்டு விரல் நகம் அளவு.

மூணாவது ஸ்டாக்க கழட்டிட்டு, வெறும் இரும்பு மட்டும் இருக்கும்போது அதே மாதிரி இன்னொரு காலி ஓட்டுல அடிச்சு, ஸ்டாக்கோட அடிச்ச ஓட்டையும் இதையும் லென்ஸ்ல பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறது. ஸ்டாக் இல்லாம அடிச்ச வடு நகத்த தடுத்து நிறுத்துது, ஸ்டாக்கோட அடிச்சது நகத்துக்கு தெரியவே மாட்டேங்குது. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும். ஸ்பிரிங் மேல கைய வச்சிருந்தா ஒரு நல்ல ஸ்பிரிங்க தூக்கி போட்டிருப்பேன், கதவும் உரசிட்டேதான் இருந்திருக்கும்.

சரி பண்ணது கிளப் பக்கத்துல இருக்க லைசென்ஸ் உள்ள ஆர்மரர். ஒரு உருளைக் குச்சில உப்புத்தாள் சுத்தி அந்த மூலைய மட்டும் ஒரு மில்லிமீட்டர் போல தேச்சாரு. அத விட முக்கியம், தேச்ச எடத்துல பச்சை கட்டை வெளிய தெரியும், அத அப்டியே விட்டா அடுத்த மழைல இன்னும் தண்ணி குடிக்கும், அதனால லின்சீட் எண்ணெய் மூணு கோட்டு, ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சதுக்கப்பறம் அடுத்தது. ஸ்டாக்குக்கு உள்பக்கம் பூராவும் ஃபேக்டரில ஒண்ணுமே தடவாம விட்டிருந்தாங்க, வெளிய மட்டும் பளபளா. அங்கயும் அடிச்சோம். அடுத்த ஞாயிறு, நல்ல மழை, 100 ரவுண்டு, ஒரு "டிக்" கூட இல்ல.

கைப்பிடி டெலஸ்கோப் மேல முட்டுறதும் இதே நோய்தான், ஸ்கோப் மாட்டுறவங்க மேல் பக்கமும் பாத்துக்குங்க.

ஸ்க்ரூ

ஸ்டாக்கயும் இரும்பையும் சேத்து புடிக்கிற ஸ்க்ரூ, ஸ்கோப் மவுன்ட் ஸ்க்ரூ, ரெண்டுல ஏதாவது ஒரு நூல் நீளமா இருந்தாலும் உள்ள போயி போல்ட்ட தொடும். முன்ன பின்ன மாத்தி போட்டாலும் அதே கதி, பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், நீளம் வேற. ஸ்கோப் மாட்டுனதுலேர்ந்துதான் பிரச்சனைன்னா வேற எதையும் பாக்க வேணாம், ஸ்கோப்ப கழட்டிட்டு சுட்டு பாருங்க. போல்ட் உடம்புல புதுசா பளபளன்னு ஒரு கோடு விழுந்திருந்தா ஸ்க்ரூ கீறுதுன்னு அர்த்தம்.

திரும்ப மாட்டுனதுல தப்பு, ஊசி முனை

கழுவுறதுக்கு முன்னாடி நல்லா இருந்து கழுவுன பின்னாடி "டிக்" வந்தா கோளாறு நம்ம கையிலதான். பல போல்ட்ல பின் மூடிய திருகி உள்ள அனுப்பணும், ஒரு சுத்து குறைச்சலா நிறுத்துனா ஊசி முழு தூரம் முன்ன வராது. வீடியோ எடுக்க சொன்னது இதுக்குத்தான்.

.22ல வெறும் சேம்பர வச்சு டக்கு டக்குனு ட்ரிகர் இழுத்து விளையாடுற பழக்கம் சிலருக்கு. சில ரைஃபிள் அத தாங்குற மாதிரி செஞ்சிருப்பான், மேனுவல்ல எழுதியிருக்கும். தாங்காததுல ஊசி முனை நேரா சேம்பர் ஓரத்துல போயி அடிச்சு அடிச்சு முனையும் மழுங்கும், ஓரத்துலயும் பிசிறு எழும்பும், அப்பறம் தோட்டாவும் உக்காராது வடுவும் விழாது. சேம்பர் விளிம்புல லென்ஸ் வச்சு பாத்தா சின்ன பள்ளம் தெரியும். வீட்டுல பழகணும்னா காலி ஓடு போட்டு பழகுங்க, பத்து தடவைக்கு ஒருக்கா திருப்பி விடுங்க.

நம்ம கை வைக்கக் கூடாதது

ஸ்பிரிங்க இழுத்து விடுறது, வாஷர் சொருகி இறுக்குறது, ஊசி முனைய அரம் வச்சு தேய்க்கிறது, ட்ரிகர நோண்டுறது. நான் தினமும் மோட்டார் பிரிக்கிறவன், கடைசல் பட்டறை பக்கத்துலயே இருக்கு, எனக்கே கை அரிக்கும், ஆனா வேணாம். ட்ரிகர தப்பா தேச்சா போல்ட்ட மூடும்போதே சுட்டுரும். 1959 ஆயுதச் சட்டத்துல 5வது பிரிவு துப்பாக்கி ரிப்பேர் தொழிலுக்கு தனி லைசென்ஸ் கேக்குது, அதனால தெரிஞ்ச லேத்துகாரர்கிட்ட "அண்ணே இத கொஞ்சம் பாருங்க"ன்னு கொடுக்குறது உங்களையும் மாட்டி விடும் அவரையும் மாட்டி விடும். வாரண்டியும் அதோட போச்சு.

ஹெட்ஸ்பேஸும் அப்டித்தான். போல்ட் மூஞ்சிக்கும் சேம்பருக்கும் நடுவுல இருக்க இடம் ஜாஸ்தியா இருந்தா அம்மி ஆடுற கேஸு, ஊசி அடிச்சா தோட்டா முன்ன நகரும். இத அளவு பாக்குற கோ, நோ-கோ கேஜ் போட்டுத்தான் பாக்கணும். காலி ஓட்டோட அடி உப்பி இருந்தாலோ விளிம்பு பக்கம் கிழிஞ்சிருந்தாலோ அன்னிக்கே நிறுத்திட்டு ஆர்மரர்கிட்ட கொடுங்க, அதுக்கு மேல ஒரு ரவுண்டு கூட வேணாம்.

இவ்வளவும் பாத்து, கிரீஸ் இல்ல, சேம்பர் சுத்தம், கைப்பிடி ஃப்ரீ, ஸ்க்ரூ சரி, தோட்டா மாத்தியாச்சு, இன்னும் வடு லேசுன்னா இப்ப தாராளமா ஸ்பிரிங்க சந்தேகப்படுங்க. நோட்டையும் வடு போட்டோவையும் கூட வச்சு வித்தவர்கிட்ட அனுப்புங்க. "சார் சரியா அடிக்கல"ன்னு சொன்னா திருப்பி அனுப்புவாங்க, தேதி போட்டு 50க்கு இத்தனைன்னு காட்டுனா பேச்சு வேற மாதிரி இருக்கும்.

சென்டர்ஃபயர் வச்சிருக்கவங்களுக்கு

.315 மாதிரி பெரிய தோட்டாவுல பிரைமர் நடுவுல தனி கிண்ணமா இருக்கும், ஊசி அடிக்கிற வடுவும் நடுவுல வட்டமா விழணும், ஆழம் சுமார் அரை மில்லிமீட்டர் எதிர்பார்க்கலாம். கிரீஸ், கைப்பிடி, ஸ்க்ரூ, மூடி திருகுறது எல்லாம் அப்டியே இதுக்கும் பொருந்தும். கூடுதலா ஒண்ணு, பிரைமர் தோட்டா அடியோட மட்டத்துக்கு ஒரு நூலிழை உள்ள அமுங்கி உக்காந்திருக்கணும், விரலால தடவுனா மேடா தெரியக்கூடாது. மேடா இருந்தா முதல் அடி அத உள்ள தள்ளுறதுல போயிரும். அந்த மாதிரி தோட்டாவ போட்டு போல்ட்ட பலமா அறைஞ்சு மூடாதீங்க. மிலிட்டரி டைப் பிரைமர் கொஞ்சம் கெட்டி, விளையாட்டு ரைஃபிள் ஊசிக்கு சில சமயம் மசியாது.

நம்ம ஊரு ஈரம்

ஸ்பாஞ்சு வச்ச பெட்டிக்குள்ள மாசக்கணக்குல பூட்டி வைக்காதீங்க, ஸ்பாஞ்சு ஈரத்த புடிச்சு வச்சுக்கும். லாக்கருக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறுனா மாத்துங்க. தோட்டாவ இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பால போட்டு தனியா பூட்டுல. தேர்தல் நேரத்துல ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்லி நோட்டீஸ் வந்து கொடுக்குறவங்க, திரும்ப வாங்குனதும் நேரா ரேஞ்சுக்கு தூக்கிட்டு போகாம ஒரு தடவ போல்ட்ட கழட்டி துடைச்சிட்டு போங்க, அங்க இருந்த நாள்ல எந்த மூலைல எந்த ஈரத்துல இருந்துச்சோ.

கொல்லக் கதவ இன்னும் இழைக்கல. வீட்ல திட்டு விழுந்துட்டே இருக்கு, ஆனா அது நெலைல உரச ஆரம்பிச்ச அன்னிக்கு காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சு கைப்பிடிக்கு அடில விட்டு பாத்துக்கறேன், இந்த வருஷம் ரெண்டா மடிச்சும் போகுது.